அணுக்கரு அளவில் ஓர் அசைவு

கார் வழுக்கிச் சுழலத் தொடங்குவதை உணரும் நுண் சுழல்மானியில், பெயருக்கு மாறாக, சுழலும் பகுதி எதுவும் இல்லை. சிலிக்கானில் செதுக்கிய மெல்லிய சட்டம் ஒன்று இடைவிடாமல் அதிர்ந்துகொண்டிருக்க, கருவி திரும்பும்போது, பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ் 1835இல் விளக்கிய விசை அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தத் தள்ளலை அளப்பதுதான் சிக்கல். சட்டத்தின் ஓரத்தில் சீப்புப் பற்களைப் போல நீண்டிருக்கும் விரல்களுக்கும் எதிரே அசையாமல் நிற்கும் விரல்களுக்கும் உள்ள இடைவெளி மாறும்போது, அவற்றின் மின்தேக்குதிறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன், இம்மியளவு மாறுகிறது. அம்மாற்றத்தை மின்னழுத்தமாக்கிப் பெருக்கித் தருவது வாசிப்புச் சுற்று.

அனலாக் டிவைசஸ் நிறுவனம் 2002இல் அறிமுகப்படுத்திய சுழல்மானி ஏறத்தாழ 16 ஃபெம்டோமீட்டர் விலகலைப் பிரித்தறிந்தது. அது தங்கத்தின் அணுக்கரு விட்டத்தை ஒத்த அளவு. அணுக்களாலான விரல் அணுவைவிடச் சிறிய அசைவை எப்படிக் காட்டும் என்ற ஐயம் நியாயமானதே. அளக்கப்படுவது விரல்களின் பரப்பிலுள்ள எண்ணற்ற அணுக்களின் சராசரி இருப்பிடம்.

இத்தகைய குறிகையை விழுங்கிவிடக்கூடியது இரைச்சல், அதாவது எலக்ட்ரான்களின் வெப்ப அலைவு முதலியவற்றால் எழும் ஒழுங்கற்ற மின் ஏற்றத்தாழ்வு. இணைப்புக் கம்பியின் சொந்த மின்தேக்குதிறனே குறிகையை நீர்த்துப்போகச் செய்யும் என்பதால், பெருக்கியைச் சட்டம் இருக்கும் அதே சில்லிலேயே அமைத்தனர். மேலும், டிரான்சிஸ்டரின் சிமிட்டு இரைச்சல் குறைந்த அதிர்வெண்களில்தான் மிகுதி. குறிகையோ சட்டம் அதிரும் உயர் அதிர்வெண்ணில் வருவதால், அந்த அதிர்வோடு தாளம் பிசகாத பகுதியை மட்டும் சுற்று பிரித்தெடுக்கிறது. கோணலாகச் செதுக்கப்பட்ட சட்டம் திரும்பாமலே காட்டும் போலிக் குறிகையும் தாளத்தில் கால் சுற்று விலகியிருப்பதால், இம்முறையிலேயே பெருமளவு ஒதுக்கப்படுகிறது.