பேச்சுச் சிகிச்சை மேற்படிப்பு: விண்ணப்பிக்கும் முன்...



மூன்று வயதாகியும் பேசாத பிள்ளை, திக்கிப் பேசும் மாணவர், பக்கவாதத்தால் பேச்சிழந்த தாத்தா. இவர்களுக்குக் கைகொடுப்பவரே பேச்சு, மொழிச் சிகிச்சையாளர்.

மலேசியாவில் இத்தொழிலுக்கு இளங்கலைப் பட்டமே வாசல். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1995இல் இப்பட்டப்படிப்பைத் தொடங்கியது.

வெளிநாட்டில் முதுகலை பயில விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாட்டுக்கு நாடு விதி மாறும். அமெரிக்காவில் முதுகலை முடித்தால்தான் தொழில் செய்யலாம். ஆஸ்திரேலியாவில் வேறு துறைப் பட்டதாரிகளுக்கும் இரண்டாண்டு முதுகலை உண்டு. இந்தியாவில், 1965இல் தோன்றிய மைசூர் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் கழகம் இதே துறையில் இளங்கலை கேட்கும்.

எங்குப் படித்தாலும், இங்குத் தொழில் செய்ய 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு தேவை. ஆகவே, கட்டணம் கட்டுமுன் அந்தப் பட்டம் பதிவுக்கு ஏற்கப்படுமா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

விண்ணப்பக் கட்டுரையில் "சேவை செய்ய ஆசை" என்று மட்டும் எழுதினால் போதாது. தமிழ் தெரியும் என்பதையும் எழுதுங்கள். வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் குழந்தையை மலாயில் மட்டும் சோதித்தால், மொழி தெரியாததே குறைபாடாகத் தோன்றிவிடும். மாறாக, உண்மையான குறைபாட்டை "மெல்லப் பேசிவிடுவான்" என்று விட்டுவிடுவதும் உண்டு. இரண்டையும் பிரித்தறியத் தமிழறிந்த சிகிச்சையாளர் வேண்டும். அந்த இடத்துக்கு நம் பிள்ளைகள் வரட்டும்!