எரிபொருள் முள்ளை பார்க்காததால் விபரீதம்: நோயாளியுடன் 4 பேரை பலி கொண்ட ஹெலிகாப்டர்

ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கினால் 'எந்திர கோளாறு', 'மோசமான வானிலை' என்றுதான் முதலில் பேச்சு அடிபடும். ஆனால் கிளம்பும் முன் செய்ய வேண்டிய சாதாரண சோதனையை விட்டுவிட்டதால் நடந்த விபத்துகளும் உண்டு. அமெரிக்காவின் மிசவுரி மாநிலத்தில் 2011-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந்தேதி நடந்தது அப்படிப்பட்ட ஒன்றுதான்.

அதன் விவரம் வருமாறு:-

பெத்தனி நகர ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு நோயாளியை லிபர்ட்டி நகருக்கு கொண்டு செல்ல ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் கிளம்பியது. பயிற்சிக்காக அதில் எரிபொருள் குறைவாக வைக்கப்பட்டு இருந்தது. பைலட் இதை கவனிக்கவில்லை. '2 மணி நேரத்துக்கு எரிபொருள் இருக்கு' என்று கட்டுப்பாட்டு மையத்துக்கு தகவலும் கொடுத்துவிட்டார்.

பெத்தனியில் இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. 45 நிமிடத்துக்கு தாங்கும் என்று கணக்கு போட்டார். உண்மையில் இருந்ததோ சுமார் 30 நிமிடத்துக்குத்தான்! அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் வழியில் மாஸ்பி விமான நிலையத்தில் நிரப்பிக்கலாம் என்று நோயாளியுடன் பறந்தார். விமான நிலையத்துக்கு சுமார் 2 கிலோமீட்டர் முன்பாகவே என்ஜின் நின்றுபோனது. பைலட், நர்ஸ், மருத்துவ உதவியாளர், நோயாளி ஆகிய 4 பேரும் பலியானார்கள்.

என்ஜின் நின்றாலும் தப்பலாமே?

தப்பலாம். கைப்பிடியை உடனே தாழ்த்தினால், இறங்கும்போது கீழிருந்து வரும் காற்றே விசிறியை சுற்ற வைக்கும். ஆனால் யோசிக்க சில வினாடிகள்தான் கிடைக்கும். பைலட்டால் அதை சரியாக செய்ய முடியவில்லை.

எஸ்.எம்.எஸ். கவனம்

அன்று வேலை நேரத்தில் பைலட் செல்போனில் சொந்த எஸ்.எம்.எஸ். பரிமாறியதும், சரியாக தூங்காததும் கவனம் சிதற காரணம் என 2013-ல் விசாரணை வாரியம் கூறியது. எரிபொருள் பிரச்சினையை நிறுவனத்தின் செயல்பாட்டு கட்டுப்பாட்டு மையத்துக்கு சொல்லியே ஆக வேண்டும் என்ற விதி அந்த நிறுவனத்தில் இல்லாததும் சுட்டிக்காட்டப்பட்டது.

ஒவ்வொரு முறையும் ஹெலிகாப்டரை சுற்றி வந்து விசிறி, வால் விசிறி, போல்ட்-நட்டு, ஆயில், எரிபொருள் எல்லாவற்றையும் நேரில் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும் என்பது விதி. 'காலைலயே பார்த்தாச்சு', 'வேற ஆளு பார்த்திருப்பாங்க' என்ற நினைப்புதான் ஆபத்து. மிசவுரியில் ஒரு முள்ளை பார்க்க சில வினாடிகள் போதுமாக இருந்தது. அதை விட்டதற்கு விலை 4 உயிர்!