இரவுத் தூக்கமும் நம் உடலின் இருப்புக் கணக்கும்



சங்கக் கூட்டத்தில் சரக்கு வரத்து, விலை, வரி என்று பேசி முடித்தபின் கடைசியில் பேச்சு சுகர், பிரஷர் பக்கம் போய்விடுகிறது. அப்போது நம்மவர்களில் பலர் சொல்லும் குறை, "ராத்திரி தூக்கமே இல்லை அண்ணாச்சி" என்பதுதான். வயதாகிவிட்டது, கடன் நிலுவை கவலை, அதனால்தான் தூக்கம் இல்லை என்று நாமே தீர்ப்பும் சொல்லிக்கொள்கிறோம். நானும் ஐந்தாறு வருடம் அப்படித்தான் இருந்தேன். நான் மருத்துவன் அல்லன். பள்ளிப் படிப்போடு பருப்பு மண்டிக்கு வந்தவன். பட்டும், டாக்டர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை நம்மவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எனக்குச் சர்க்கரை நோய் வந்து 14 வருடம் ஆகிறது. பகலில் வேலை மும்முரத்தில் ஒன்றும் தெரியாது. இரவு படுத்தால் இரண்டு பாதமும் மிளகாய்ப் பொடி தடவியதுபோல் எரியும். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே தூக்க மாத்திரை கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு தூங்கினேன். காலையில் மந்தமாகவே கடைக்கு வருவேன். ஒருநாள் உளுந்து விலையைத் துவரைக்குச் சொல்லி 40 மூட்டைக்குப் பில் போட்டுவிட்டேன். சொன்ன சொல் மாறக்கூடாது என்று நட்டத்தை ஏற்றேன். அதே மாதம் இரவில் எழுந்தபோது தடுமாறி நிலையில் மோதி நெற்றியில் நான்கு தையல். அதன்பிறகுதான் என் மகன் என்னை வேறு ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனான்.

அவர் தூக்கத்தைப் பற்றி முதலில் கேட்கவில்லை. "மெட்ஃபார்மின் எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறீர்கள்? சைவமா? பி12 அளவு எப்போதாவது பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்த்ததே இல்லை.

பாத எரிச்சலும் பி12-ம்

நரம்புக்கு மேல், மின்சார வயருக்கு ரப்பர் உறை இருப்பதுபோல் ஓர் உறை உண்டு. அது கெடாமல் இருக்க வைட்டமின் பி12 வேண்டும். இது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி இவற்றில்தான் இயற்கையாக இருக்கிறது. பருப்பிலோ கீரையிலோ இல்லை. சைவ உணவுக்காரர்களுக்கு வரவு குறைவு. மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் குடல் பி12-ஐ எடுத்துக்கொள்வதும் குறையலாம். பொதுவாக 200 பிகோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு என்கிறார்கள். எனக்கு 148 இருந்தது.

சர்க்கரை நோயாலும் பாதம் எரியும், பி12 குறைந்தாலும் எரியும். முதலாவது என்று நினைத்து இரண்டாவதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். டாக்டர் ஊசியும் பிறகு மாத்திரையும் கொடுத்தார். சுமார் மூன்று மாதத்தில் எரிச்சல் பத்துக்கு ஏழு பங்கு குறைந்தது. மீதி இருக்கத்தான் செய்கிறது. முன்பே பார்த்திருந்தால் இன்னும் நன்றாகியிருக்கும் என்றார். ஒன்று சொல்ல வேண்டும். மெட்ஃபார்மின் நல்ல மருந்து. இதைப் படித்துவிட்டு யாரும் நிறுத்திவிடக் கூடாது. பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேட்டால் போதும்.

சர்க்கரையும் தூக்கமும்

ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரகம் அதைச் சிறுநீரில் தள்ளுகிறது. சர்க்கரை போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் இரவில் நான்கு, ஐந்து முறை எழ வேண்டியிருக்கிறது. (அறுபது வயதைத் தாண்டிய ஆண்களுக்குப் பிராஸ்டேட் வீக்கமும், பிரஷருக்காகச் சாயங்காலம் சாப்பிடும் நீர் மாத்திரையும்கூடக் காரணமாகலாம். மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.)

இது ஒருவழிப் பாதை அல்ல. 1999-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவைத்துச் சோதித்தார்கள். அவர்கள் உடல் சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் குறைந்துபோனது. ஆக, சர்க்கரை தூக்கத்தைக் கெடுக்கிறது; கெட்ட தூக்கம் சர்க்கரையை ஏற்றுகிறது. வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல்தான். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நம் கடைவீதியிலும் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

கால் குடைச்சலும் இரும்புச்சத்தும்

என் வீட்டில் வேறு கதை. படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல் இருக்கும், காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், எழுந்து நடந்தால் சரியாகும் என்பார்கள். இதை 1945-இல் சுவீடன் நாட்டு டாக்டர் எக்போம் விரிவாக எழுதினார். இரும்புச்சத்துக் குறைவு இதற்கு முக்கியமான ஒரு காரணம்.

ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. ஹீமோகுளோபின் கடையில் அடுக்கியிருக்கும் சரக்கு என்றால், ஃபெரிட்டின் என்பது கிட்டங்கி இருப்பு. கடை நிறைந்திருக்கும்போதே கிட்டங்கி காலியாக இருக்கலாம். கால் குடைச்சல் உள்ளவர்களுக்கு ஃபெரிட்டின் 75 வரை இருந்தாலே இரும்புச்சத்து கொடுப்பதைப் பற்றி டாக்டர்கள் யோசிக்கிறார்கள். என் வீட்டில் 11 இருந்தது. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் இரும்பை உடலில் சேரவிடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர உதவும். ஆண்களுக்கு இரும்பு குறைந்தால் மூலம், குடல் புண் போன்றவற்றால் ரத்தம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வெயில் படாத வியாபாரி

விடிந்ததும் கடைக்குள் போய் இருட்டியபின் வெளியே வருகிறோம். வெயில் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகும். கண்ணாடி வழியாக வரும் வெயில் உதவாது. டி குறைந்தால் எலும்பும் தசையும் வலிக்கும். வலி தூக்கத்தைக் கெடுக்கும். டி குறைந்தவர்களுக்குத் தூக்கமும் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் டி சாப்பிட்டாலே தூக்கம் வரும் என்பது உறுதியாகவில்லை. வாரம் ஒன்று சாப்பிட வேண்டிய 60,000 யூனிட் மருந்தைத் தினமும் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். சத்து மாத்திரைதானே என்று பி6-ஐ அதிக அளவில் மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். சரக்கைப் போல இதிலும் தேவைக்கு மேல் கொள்முதல் கூடாது.

நாம் விற்கும் எண்ணெய், பால் பாக்கெட்டுகளில் 'பிளஸ் எஃப்' முத்திரை இருந்தால் அவற்றில் ஏ, டி வைட்டமின்கள் சேர்க்கப்பட்டுள்ளன என்று பொருள். வாடிக்கையாளர் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

குறட்டையைச் சிரித்து விடாதீர்கள்

பலத்த குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறி விழிப்பது, பகலில் கல்லாவில் உட்கார்ந்தபடியே கண் செருகுவது இவை இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். பிரஷர் எத்தனை மாத்திரைக்கும் அடங்காமல் இருப்பதற்கும் இது காரணமாகலாம். வண்டி ஓட்டுபவர்களுக்கு உயிராபத்து. இப்படிப்பட்டவர்கள் தூக்க மாத்திரை போட்டால் நிலைமை மோசமாகலாம்.

செய்ய வேண்டியவை

1. தூக்கக் குறைவை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். நாமாகச் சொல்லாவிட்டால் அது விட்டுப்போகும்.

2. மூன்று மாதச் சர்க்கரை, பி12, ஃபெரிட்டின், தைராய்டு இவற்றில் எதெது தேவை என்று கேளுங்கள்.

3. கடை அடைத்து 10 மணிக்கு மேல் புரோட்டா சாப்பிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் வரும். இரவுச் சாப்பாட்டைக் கடைக்கே வரவழைத்து 8 மணிக்குள் முடிக்கலாம்.

4. சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். பழகியவர்கள் திடீரென நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். எனக்கு விட நான்கு மாதம் ஆனது.

வருடம் தவறாமல் கடையில் இருப்பு எடுக்கிறோம். ஒரு மூட்டை குறைந்தாலும் எங்கே போனது என்று தேடுகிறோம். இரவில் தூக்கம் குறைந்தால் மட்டும் ஏன் என்று தேடுவதில்லை. உடம்புக்கும் வருடம் ஒருமுறை இருப்பு எடுங்கள். அடுத்த கூட்டத்தில் சந்திக்கும்போது, நன்றாகத் தூங்கினேன் என்று நாலு பேராவது சொன்னால் இதை எழுதிய பலன் எனக்குக் கிடைத்துவிடும்.