சிறுதுளியும் பெருவெள்ளமும்: ஒரு மட்டுக்கணக்கு

‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்று சொல்லாத தமிழர் இலர். எத்தனை துளி, எவ்வளவு வெள்ளம் என்று எண்ணிப் பார்த்தவரோ மிகச் சிலர். அறிந்த சிலவற்றைக் கொண்டு அறியாத ஒன்றை மட்டிடுவது ஓர் இனிய கலை. இத்தாலியிற் பிறந்த பௌதிக அறிஞர் என்ரிக்கோ பெர்மி இதில் வல்லவர். 1945இல் முதல் அணுகுண்டுச் சோதனையின்போது, கடதாசித் துண்டுகளைக் கைநழுவவிட்டு, அதிர்ச்சி அலையால் அவை விலகி வீழ்ந்த தூரத்தைக் கொண்டே வெடியின் வலிமையை அவர் மட்டிட்டார். கல்லூரியை நீங்கியும் கணக்கை நீங்காத பழைய மாணவர்களாகிய நாம், நெடுந்தீவில் பெய்யும் ஒரு மழையை மட்டிட்டுப் பார்ப்போம்.

நெடுந்தீவின் பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். அஃதாவது 5 கோடி சதுர மீற்றர். அதன்மேல் 1 சென்ரிமீற்றர் மழை பெய்ததாகக் கொள்வோம். சதுர மீற்றர் ஒன்றுக்கு 10 இலீற்றர். தீவு முழுவதற்கும் 50 கோடி இலீற்றர். 20 துளி சேர்ந்து ஒரு மில்லிலீற்றர் எனின், வீழ்ந்தவை 10 இலட்சம் கோடித் துளிகள்!

இவ்வெள்ளம் எத்தனை நாளைக்குப் போதும்? மக்கள் 5,000 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 50 இலீற்றர் எனக் கொண்டால், ஒரு நாட்டேவை 2.5 இலட்சம் இலீற்றர். வகுக்க வருவது 2,000 நாள். ஏறத்தாழ ஐந்தரை ஆண்டு! தேவையை இருமடங்காக்கினும் இரண்டே முக்கால் ஆண்டு. எடுகோள் சற்றுப் பிழைத்தாலும் விடை தரும் கருத்துப் பிழையாது. இதுவே மட்டுக்கணக்கின் சிறப்பு.

அங்ஙனமாயின், மாரியில் இதனிலும் பன்மடங்கு மழை பெறும் தீவிலே கோடையில் நன்னீர் அருகுவதேன்? பெய்ததிற் பெரும்பகுதி ஆவியாகிறது. ஒருபகுதி கடலை அடைகிறது. எஞ்சியது சுண்ணக்கல்லூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரிலும் நாற்பதில் ஒரு பங்கே கனம் மிகுந்தது. ஆதலின், கடல்மட்டத்துக்குமேல் நன்னீர் 1 சென்ரிமீற்றர் உயர்ந்து நின்றால், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நன்னீர் நிற்கும். மேலே 1 சென்ரிமீற்றர் தாழ்ந்துபோக இறைத்தாலோ, காலப்போக்கில் கீழிருந்து உவர் 40 சென்ரிமீற்றர் ஏறிவரும். ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்பது ஈண்டு வெறும் அறவுரையன்று, கணக்கே ஆகும்.

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்றனர் நம் முன்னோர். தீவகத்தில் ஆறு இல்லை, கிணறே உண்டு. ஆதலால், கிணற்றில் அள்ளினும் அளந்து அள்ளுவோமாக.