ஆறு எழுத்து... அரை நிமிடம்!

குட்டீஸ், ஆவடியில் இருந்து திருவள்ளூர் பக்கம் மின்சார ரயிலில் போயிருக்கிறீர்களா? இந்து கல்லூரி, பட்டாபிராம் தாண்டியதும் ஒரு ஸ்டேஷன் வரும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் ஊர்ப் பெயர் பெரிதாக இருக்கும். ஜன்னல் ஓரத்தில் உங்கள் ஒன்றாம் வகுப்புத் தம்பி உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக் கொள்வோம். "நெ... மி..." என்று ஆரம்பிக்கிறான். "லி... இச்..." அதற்குள் ரயில் கிளம்பி விடுகிறது. உடனே, "நெல்லிக்காய்!" என்று குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லி வைக்கிறான்.

நீங்கள் என்ன செய்வீர்கள்? "மக்கு, அது நெமிலிச்சேரிடா!" என்று தலையில் ஒரு குட்டு வைப்பீர்கள். சரிதானே?

குட்டுவதற்கு முன்னால், அந்தத் தலைக்குள் என்ன நடந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம்.

பேச்சு இருக்கிறதே, அதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. வீட்டில் பேசுவதைக் கேட்டே வந்துவிடும். படிப்பு அப்படி வராது. மனிதர்கள் எழுத ஆரம்பித்தே ஏறக்குறைய 5,000 வருடங்கள்தான் ஆகின்றன. அதனால் படிப்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே தனி இடம் கிடையாது. முகங்களையும் பொருட்களையும் அடையாளம் காணும் பகுதியில் ஒரு மூலையை எழுத்துக்காகப் பழக்கி எடுக்க வேண்டும். பிரான்ஸ் நாட்டு மூளை விஞ்ஞானி ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார். சின்னப் பிள்ளைகள் சில எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுதுகிறார்களே, அதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. டம்ளரைத் திருப்பி வைத்தாலும் டம்ளர்தான் என்று பழகிய மூளைக்கு, எழுத்தை மட்டும் திருப்பக் கூடாது என்று புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது!

இப்போது பலகைக்கு வருவோம். 'நெ' என்ற எழுத்தைப் பாருங்கள். கண்ணுக்கு முதலில் தெரிவது ஒற்றைக் கொம்பு. ஆனால் வாயில் முதலில் வர வேண்டியது 'ந்' ஓசை. கண் ஒரு வரிசையில் பார்க்கிறது, நாக்கு வேறு வரிசையில் சொல்கிறது. 'சே'யிலும் இதே கதை. இந்த முறை இரட்டைக் கொம்பு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் 'நெ'யும் 'நே'யும் ஒரே மாதிரிதான் இருக்கும். இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிக் கொம்பு தந்தவர், 18ம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த வீரமாமுனிவர். அவர் இத்தாலியில் பிறந்தவர்!

நடுவில் நிற்கும் 'ச்' இன்னொரு வம்பு. வகுப்பில் அதன் பெயர் 'இச்'. ஊர்ப் பெயரைச் சொல்லும்போது அந்த 'இ' காணாமல் போக வேண்டும். இது எல்லாருக்கும் ஒரே நாளில் பிடிபடாது. இத்தனையும் செய்து 'ரி'க்கு வந்து சேர்வதற்குள், ஆரம்பத்தில் சொன்ன 'நெ' மறந்து போயிருக்கும். உங்களுக்கு அப்படி இல்லை. பலமுறை பார்த்துப் பழகிய சொல் என்பதால், ஆறு எழுத்தும் ஒரே பார்வையில் வந்து விழுகிறது. தம்பியோ ஒவ்வொரு எழுத்தாகத் தூக்கிச் சுமக்கிறான்.

கொரோனா சமயத்தில் இந்தச் சுமை இன்னும் கூடிவிட்டது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த நேரத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள், வகுப்பறையைப் பார்க்கும்போது இரண்டாம் வகுப்பில் இருந்தார்கள்! அந்த இடைவெளியைச் சரிசெய்யத்தான் 2022 ஜூன் 13ம் தேதி 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. தொடங்கிய இடம் நெமிலிச்சேரி இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், அழிஞ்சிவாக்கம் என்ற ஊரின் பள்ளிக்கூடம். இதில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். எந்த வகுப்பு என்பதை மட்டும் பார்க்காமல், பிள்ளைக்கு எதுவரை தெரியும் என்று பார்த்து அங்கிருந்து சொல்லிக் கொடுப்பார்கள். பெயர் வைத்தவர் யாரோ, நல்ல ரசிகர்! அரும்பைப் பார்த்து, 'நீ ஏன் இன்னும் மலரவில்லை' என்று யாராவது குட்டுவார்களா?

வீட்டிலும் இதைச் செய்யலாம். ட, ப, ம ஆகிய மூன்றும், மேலே வைக்கும் புள்ளியும் தெரிந்தாலே போதும். படம், பட்டம், மடம், மட்டம், மட்டமட்டம் என்று சிரித்துக்கொண்டே படிக்கலாம். அவன் திணறும்போது முழுச் சொல்லையும் நீங்களே போட்டு உடைக்காதீர்கள். "நெ, மி சேர்த்துச் சொல்லு... இப்போ லி" என்று இரண்டிரண்டாகக் கோத்துக் கொடுங்கள்.

திரும்பி வரும்போது, திருநின்றவூர் தாண்டியதும் தம்பியை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். அவன் முடிக்கும் வரை உங்களால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடிகிறதா, பார்க்கலாம். ரயில் கிளம்பிவிட்டால் பதற வேண்டாம். பிளாட்பாரத்தின் இன்னொரு கோடியிலும் அதே பெயர்ப் பலகை இருக்கும்!