கட்டுநாயக்கவின் ஓடுபாதையும் தருவைகுளத்தின் சூரையும்

தூத்துக்குடிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த தருவைகுளம், ஆழ்கடலில் பல நாள் தங்கிச் சூரை மீன் பிடிக்கும் செவுள்வலைப் படகுகளுக்குப் பெயர்பெற்ற மீனவ ஊர். கடலுக்கு அப்பால், கொழும்பிலிருந்து ஏறத்தாழ 32 கிலோமீட்டர் வடக்கே, நீர்கொழும்புக் களப்பின் ஓரத்தில், அதாவது கடலோடு முகத்துவாரத்தால் இணைந்த உப்பங்கழியின் ஓரத்தில், இலங்கையின் முதன்மை வாயிலான கட்டுநாயக்க விமான நிலையம் இருக்கிறது. இரு கரையின் மீனவர்களும் ஒரே இனச் சூரையைத் தேடித்தான் கடலுக்குப் போகிறார்கள். ஆனால் அந்தக் கரையின் மீனுக்கு விமான நிலையம் பக்கத்துச் சந்தையாக அமைந்துவிட்டது. தருவைகுளத்து மீனவர்களில் சிலருக்கோ அது சிறையிலிருந்து வீடு திரும்பும் வழியாக மட்டுமே அறிமுகமாகியிருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு எப்படி நேர்ந்தது என்பதை அறிய இரு கரைகளின் வரலாற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கட்டுநாயக்க விமான நிலையம் போரின் பிள்ளை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானியக் கப்பற்படையின் விமானங்கள் கொழும்பைத் தாக்கிய பின், பிரிட்டிஷார் தீவெங்கும் விமானத் தளங்களைப் பெருக்கினர். அவ்வாறு 1944இல் உருவானதே நீர்கொழும்பு வான்படைத் தளம். நாடு 1948இல் விடுதலை பெற்ற பின்னரும் அத்தளம் பிரிட்டிஷார் கையிலேயே இருந்து, 1957இல்தான் இலங்கை அரசிடம் வந்தது. அதுவரையிலும் அதன் பின்னர் சில ஆண்டுகளும் பயணிகள் விமானங்கள் கொழும்புக்குத் தெற்கேயுள்ள ரத்மலானையிலிருந்தே புறப்பட்டன. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம், டக்கோட்டா வகையைச் சேர்ந்தது, அங்கிருந்து கிளம்பி யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. ஒரு நாட்டின் வான்வழிச் சேவை இரண்டு தமிழ்த் தலங்களைத் தொட்டுத் தொடங்கியது என்பது இன்று பலரும் மறந்துவிட்ட செய்தி.

ஜெட் விமானங்களின் எடைக்கும் வேகத்துக்கும் ரத்மலானையின் குறுகிய ஓடுபாதை போதாமற் போகவே, கனடாவின் உதவியோடு கட்டுநாயக்கவில் புதிய நிலையம் எழுப்பப்பட்டு 1967இல் திறக்கப்பட்டது. 1970இல் முன்னாள் பிரதமர் பண்டாரநாயக்கவின் பெயரும், 1977இல் ஆட்சி மாறியதும் கட்டுநாயக்க என்ற ஊர்ப்பெயரும், 1995இல் மீண்டும் பண்டாரநாயக்கவின் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டன. ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 3,350 மீட்டர். வெப்ப மண்டலத்தின் காற்று அடர்த்தி குறைந்தது என்பதால், எரிபொருளும் சரக்கும் நிரம்பிய பெரிய விமானம் மேலெழ நீண்ட தூரம் ஓட வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவுக்கோ ஜப்பானுக்கோ இடைநில்லாமல் பறக்கும் விமானம் ஓரிடத்துக்கு வருமா என்பதை இந்த நீளமே பெரிதும் முடிவுசெய்கிறது. ஆனால் இருப்பது ஒற்றை ஓடுபாதை. 2017 தொடக்கத்தில் அதைப் புதுப்பிக்க நேர்ந்தபோது, மூன்று மாதக் காலம் பகற்பொழுதில் நிலையத்தை மூடிவைத்து மாலை முதல் காலை வரை மட்டுமே விமானங்களை இயக்க வேண்டியதாயிற்று.

இலங்கை உள்நாட்டுப் போரின் ஆண்டுகளில் வான்வழியும் குருதியில் நனைந்தது. 1984 ஆகஸ்ட் 2 அன்று, கொழும்பு செல்லும் விமானத்தில் ஏற்றவென்று வைக்கப்பட்ட பெட்டிகள் சென்னை மீனம்பாக்கத்திலேயே வெடித்து ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். 1986 மே 3 அன்று கட்டுநாயக்கவில் நின்றிருந்த ஏர் லங்கா விமானத்தில் குண்டு வெடித்து 21 பேர் உயிரிழந்தனர். 2001 ஜூலை 24 விடியலில் விடுதலைப் புலிகள் அங்குள்ள வான்படைத் தளத்தையும் விமான நிலையத்தையும் தாக்கியதில் போர் விமானங்களோடு ஸ்ரீலங்கன் விமான நிறுவனத்தின் பெரிய பயணிகள் விமானங்களும் எரிந்தன. அதன் பின் காப்பீட்டுக் கட்டணங்கள் ஏறின, சுற்றுலாப் பயணிகள் குறைந்தனர், அவ்வாண்டில் இலங்கைப் பொருளாதாரம் விடுதலைக்குப் பின் முதன்முறையாகச் சுருங்கியது. ஒரு தீவு தன் வாயில் ஒன்றையே எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று வேண்டியதில்லை.

எனினும் இரு கரைகளுக்கும் இடையிலான உறவு விமானத்தோடு தொடங்கியதன்று. 1876இல் இருப்புப்பாதை தூத்துக்குடியைத் தொட்டதிலிருந்து, சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் ரயிலில் வந்து இத்துறைமுகத்தில் நீராவிக் கப்பலேறுவதே வழக்கமாயிற்று. அந்தத் தடத்தில் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனம் செலுத்திய ஆதிக்கத்தை எதிர்த்துத்தான் வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறந்தபின் தூத்துக்குடியின் பயணிகள் குறைந்தாலும், தோணிகள் சரக்கேற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வருவது நிற்கவில்லை. பிற்காலத்தில் 2011 ஜூனில் ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற பயணிகள் கப்பல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே 152 கடல் மைல் தூரத்தைக் கடக்கத் தொடங்கி, சில மாதங்களிலேயே நின்றுபோனது. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர், ஆகவே மொத்தத் தூரம் 280 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். இன்று அதே தூரத்தைக் கடக்கத் தூத்துக்குடிக்காரர் மதுரைக்கோ திருச்சிக்கோ சென்று விமானமேற வேண்டும், அல்லது 600 கிலோமீட்டர் வடக்கே சென்னைக்குப் போய், அங்கிருந்து ஏறத்தாழ 650 கிலோமீட்டர் தெற்கு நோக்கிப் பறந்து கட்டுநாயக்கவில் இறங்க வேண்டும்.

பயணிகளின் சுற்றுவழி ஓர் அலைச்சல் என்ற அளவில் முடிந்துவிடும். மீனின் கதை அப்படியன்று. கட்டுநாயக்கவின் சிறப்பு அதன் சரக்குப் பகுதியிலும் இருக்கிறது. நீர்கொழும்பு தீவின் பெரிய மீன்பிடித் துறைகளுள் ஒன்று. அங்கு கரையேறும் சூரை அரை மணி நேரத்துக்குள் விமான நிலையத்தை அடைந்துவிடும். அங்கிருந்து ஐஸில் பதித்த முழு மீனாகவும் வெட்டிய துண்டாகவும் ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் பறக்கிறது. பச்சையாகவே மெல்லிய துண்டுகளாக நறுக்கிப் பரிமாறப்படும் ‘சஷிமி’ என்ற ஜப்பானிய உணவுக்கு உகந்த தரமுள்ள மஞ்சள் துடுப்புச் சூரைக்கு, டப்பாக்களில் அடைக்கும் ஆலைக்குப் போகும் சூரையைவிடப் பன்மடங்கு விலை கிடைக்கிறது. இந்த வேறுபாட்டை உண்டாக்குவது, பிடிபட்ட கணத்திலிருந்து உண்பவரின் தட்டை அடையும்வரை அந்த மீன் எவ்வாறு கையாளப்படுகிறது என்பதுதான்.

சூரை பெரும்பாலான பிற மீன்களைப் போலன்றித் தன் உடல் வெப்பத்தைச் சுற்றியுள்ள நீரின் வெப்பத்தைவிட உயர்த்திக்கொள்ளும் உயிரினம். போராடிச் சாகும்போது அதன் தசையில் வெப்பமும் லாக்டிக் அமிலமும் மிகுந்து, கண்ணாடி போன்ற செந்நிறச் சதை வெந்தது போல வெளுத்துவிடுகிறது. பின்னர் குளிர் போதாமல் கிடந்தால், நுண்ணுயிர்களின் வினையால் ‘ஹிஸ்டமின்’ என்ற வேதிப்பொருள் சதையில் உருவாகிறது. உண்டவருக்கு முகச் சிவப்பு, அரிப்பு, வாந்தி முதலியவற்றை விளைவிக்கும் இப்பொருள் சமைத்தாலும் அழியாது. எனவே இறக்குமதி நாடுகள் அதன் அளவைச் சோதித்தே மீனை உள்ளே விடுகின்றன. இவற்றைத் தவிர்க்க, நமது கடற்கரையில் ஆயிரங்கால் தூண்டில் எனப்படும் முறையில், நீண்ட கயிற்றில் வரிசையாகத் தூண்டில்களைத் தொங்கவிட்டுப் பிடித்து, உயிரோடு மேலேறிய மீனின் மூளையை உடனே குத்திச் செயலிழக்கச் செய்து, குருதியை வடித்து, செவுளையும் குடலையும் நீக்கி, ஐஸும் கடல்நீரும் கலந்த குழம்பில் அமிழ்த்த வேண்டும். இத்தனையும் செய்த மீனும் காலத்தில் விமானம் ஏறாவிட்டால் சாதாரண மீனாகிவிடும்.

தருவைகுளத்துப் படகுகள் பயன்படுத்தும் செவுள்வலை நீரில் சுவர்போல் நின்று மீனின் செவுளைச் சிக்கவைப்பது. இரவெல்லாம் வலை கிடக்கிறது. சிக்கிய சூரை திமிறி மூச்சடைத்து வெதுவெதுப்பான நீரிலேயே இறக்கிறது. விடியலில் வலையை வாங்கி, மீனைக் கழற்றி, படகின் ஐஸ் அறையில் அடுக்குகின்றனர். அந்த அறை அடுத்த பல நாட்கள் நிரம்பிக்கொண்டே போய், படகு கரை திரும்பும்போது அடியில் கிடக்கும் மீனின் வயது மேலுள்ளதைவிட மிகக் கூடியிருக்கிறது. கடல் தட்பவெப்பத்தையும் மீனின் போக்கையும் நுட்பமாக அறிந்த இம்மீனவர்களின் திறமையில் எக்குறையும் இல்லை. ஆனால் நல்ல மீனுக்கு நல்ல விலை தரும் வழி கரையில் இல்லாதபோது, கூடுதல் உழைப்பும் கூடுதல் ஐஸும் செலவழித்து முறையை மாற்று என்று அவர்களிடம் யாரும் சொல்ல முடியாது. தூண்டிலுக்கு மாறச் சொல்லும் திட்டங்கள் பலவும் படகையும் கருவியையும் பற்றியே பேசி, விமான நிலையத்தைப் பற்றி வாய் திறக்காமலிருப்பது பெரும் பிழை.

இலங்கைக் கரையிலும் எல்லாம் தானாக நிகழவில்லை. சட்டத்துக்குப் புறம்பான மீன்பிடிப்பைத் தடுக்கத் தவறியதாகக் கூறி, ஐரோப்பிய ஒன்றியம் 2015 தொடக்கத்தில் இலங்கை மீனின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. ஆழ்கடல் படகுகளைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்கும் ஏற்பாடு முதலிய சீர்திருத்தங்களுக்குப் பின்னரே 2016இல் அத்தடை நீங்கியது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் விமான எரிபொருளே அரிதாகிவிட, கொழும்பிலிருந்து தொலைதூரம் செல்லும் விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டன. ஒரு கரை தளர்ந்தபோது மறுகரை தாங்கியதற்கு அது அண்மைக்கால உதாரணம்.

தருவைகுளத்தாருக்கும் கட்டுநாயக்கவுக்கும் இப்போதுள்ள தொடர்பு வேறு வகையானது. மன்னார் வளைகுடாவில் இரு நாடுகளின் எல்லையை 1976 உடன்பாடு வரையறுத்தது. நீரோட்டத்தோடு நகரும் வலைக்கும் இயந்திரம் பழுதான படகுக்கும் அக்கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை. 2024 ஆகஸ்டில் தருவைகுளத்திலிருந்து இரு படகுகளில் சென்ற 22 மீனவர்கள் கற்பிட்டிக்கு அருகே இலங்கைக் கடற்படையால் கைது செய்யப்பட்டனர். 2018இல் திருத்தப்பட்ட இலங்கைச் சட்டம் அயல்நாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் படகின் நீளத்துக்கேற்ப உயர்த்தியிருப்பதால், ஒரு மீனவக் குடும்பம் வாழ்நாளெல்லாம் உழைத்தாலும் கட்ட இயலாத தொகை தீர்ப்பாக வருவதுண்டு. இவ்வாறு சிறைப்பட்டு விடுதலை பெறும் தமிழ்நாட்டு மீனவர்கள் கொழும்புக்கு அருகே மிரிஹானவிலுள்ள தடுப்பு முகாமில் தங்கவைக்கப்படுவர். கடவுச்சீட்டு இல்லாத அவர்களுக்கு இந்தியத் தூதரகம் அவசரப் பயணச் சான்று வழங்க, கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து மீன்வளத் துறையின் வாகனத்தில் ஊர் சேர்கின்றனர். படகோடு போனவர் படகின்றித் திரும்பும் அந்தப் பயணம்தான் பலருக்கு வாழ்வின் முதல் விமானப் பயணம்.

இந்த நிலையை மாற்றும் வாய்ப்பு இப்போது தூத்துக்குடிக்கே வந்திருக்கிறது. 1992இல் திறக்கப்பட்ட தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்தின் ஓடுபாதை நெடுங்காலம் 1,350 மீட்டர் அளவிலேயே இருந்ததால், சுழலி விசிறி பூட்டிய சிறு விமானங்களே அங்கு இறங்கின. அது 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகளைக் கையாளும் புதிய முனையமும் 2025 ஜூலை 26 அன்று திறந்துவைக்கப்பட்டது. கட்டுநாயக்கவின் ஓடுபாதைக்கு ஏறத்தாழ நிகரான நீளம் இது. வாகைக்குளத்திலிருந்து கட்டுநாயக்க நேர்கோட்டில் 265 கிலோமீட்டரளவே. ஒரு மணி நேரத்துக்குள் பறந்துவிடலாம். விமானத்தில் ஏற்றுமதியாகும் மீனில் பெரும்பகுதி தனிச் சரக்கு விமானங்களில் அன்றி, பயணிகள் விமானத்தின் அடிப்பகுதிச் சரக்கறையிலேயே செல்வதால், கொழும்புக்கு நாள்தோறும் ஒரு சேவை ஓடினாலே தூத்துக்குடியின் மீனுக்குக் கட்டுநாயக்க வழியாகக் கிழக்கும் மேற்கும் திறக்கும்.

அதற்கு முனையத்தின் அழகும் கொள்ளளவும் போதாது. சுங்கமும் குடியேற்றப் பிரிவும் வாகைக்குளத்தில் வேண்டும். மீனைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏற்றுமதி ஆய்வு வசதியும், ஓடுபாதை அருகே குளிர் அறையும் வேண்டும். அவற்றுக்கும் முன்பாக, தருவைகுளத்தின் கரையில் சுத்தமான நீரில் செய்த ஐஸ் தட்டின்றிக் கிடைக்க வேண்டும், தூண்டிலில் பிடித்து முறைப்படி குருதி வடித்த மீனைத் தனியாக ஏலம் விடும் ஏற்பாடும் வர வேண்டும். இவற்றுள் கடைசி இரண்டும் விமானத்துக்குக் காத்திராமல் இன்றே தொடங்கக்கூடியவை.