பேனல்மேல் இறங்கும் பனி

திருவொற்றியூரில் கடலோரத் தெரு ஒன்றின் மொட்டை மாடி. காலை ஆறு மணிக்கு சோலார் பேனலின் கீழ் விளிம்பில் விரலை ஒற்றி எடுத்தால் கண்மை தொட்டதுபோல ஒட்டிக்கொள்கிறது. இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தால் நறநறக்கிறது. தெரியாமல் உதட்டில் பட்டுவிட்டால் உப்புக் கரிக்கும்.

குளிர்நாடுகளில் பேனலுக்கு எதிரி வெண்பனி. அங்கே பேனலை நன்றாகச் சாய்த்து நிறுத்துகிறார்கள். வெயில் கொஞ்சம் பட்டாலும் கண்ணாடி சூடேறி, பனி தானாக வழுக்கி விழுந்துவிடும். நம்மிடம் பனி என்றால் இரவில் இறங்கும் ஈரம்தான். அந்த ஈரம்தான் வடசென்னையில் பேனலைக் கெடுக்கிறது. ராத்திரியில் கண்ணாடி தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. உடனே அதன்மேல் பனி கோக்கிறது. கடற்காற்று கொண்டுவந்த உப்போ, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். காலை வெயிலில் அது காயும்போது தூசியையும் சேர்த்துக் கண்ணாடியோடு ஒட்டிவிடுகிறது. இப்படி ஒவ்வொரு இரவும் ஒரு பூச்சு ஏறுகிறது.

ஒட்டுவது வெறும் தெருப்புழுதி இல்லை. வடக்கே எண்ணூர்ப் பக்கம், வல்லூரில் மட்டும் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம் நிற்கிறது, பக்கத்திலேயே அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம். நம் நாட்டு நிலக்கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பல்தான். புகைபோக்கியில் பெரும்பகுதியைப் பிடித்துவிடுகிறார்கள். தப்புவதும், காய்ந்த சாம்பல் குளங்களிலிருந்து கிளம்புவதும் காற்றோடு வருகின்றன. கூடவே கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகை. ராயபுரத்துப் பெரியவர்களைக் கேட்டால் 2011-க்கு முந்தைய நாட்களைச் சொல்வார்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நிற்கும்வரை, கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் கறுத்துப்போகும். அந்தக் கரி எண்ணூர்ப் பக்கம் இடம் மாறியது, அவ்வளவுதான். பேனல்மேல் படிவதைத் துடைத்துவிடலாம். அதே வீட்டில் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கும் குழந்தையின் நுரையீரலில் படிவதைத் துடைக்க வழியில்லை.

இழப்பு எவ்வளவு? குஜராத்தில் காந்திநகர் ஐஐடியின் பேனல்களை வைத்து, டியூக் பல்கலைக்கழகத்தின் மைக் பெர்கின் குழு 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. சில வாரங்களுக்கு ஒருமுறை மட்டுமே கழுவப்பட்ட பேனல்கள், கழுவியதும் சுமார் 50 சதவீதம் கூடுதல் திறன் காட்டின. படிந்ததில் 92 சதவீதம் மண்தூசி, மிச்சம் மனிதர்கள் கிளப்பிய மாசு. ஆனால் எடைக்கு எடை பார்த்தால், வெளிச்சத்தை அதிகம் மறைப்பது அந்த நுண்ணிய மிச்சம்தான்.

முதலில் பார்க்க வேண்டியது கீழ் விளிம்பு. நம் ஊர் அட்சரேகை 13 டிகிரி, பேனலின் சாய்வும் ஏறக்குறைய அவ்வளவே. அதனால் தூறல் விழுந்தால் அழுக்கு வழிந்து ஓடாமல், அலுமினியச் சட்டத்தின் ஓரத்தில் சேறாகத் தேங்கி, பட்டையாகக் காய்கிறது. பேனலுக்குள் செல்கள் சரம்போல ஒன்றையடுத்து ஒன்றாகக் கோக்கப்பட்டவை. ஒரு செல் மறைந்தாலும் அந்தச் சரத்தின் மின்னோட்டம் முழுவதும் குறையும். நிழல் விழுந்த சரத்தைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் போக டயோடு வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் ஒரு பேனலுக்கு மூன்று. பழைய வகைப் பேனலை நெட்டுவாக்கில் நிறுத்தியிருந்தால், கீழே படியும் பட்டை மூன்று பகுதியையும் ஒரேயடியாகத் தொடும். நாலு விரல் அகலச் சேறு கனத்துவிட்டால் பேனலே படுத்துவிடும். மறைந்த செல் சூடேறிக் கருகவும் கூடும். காக்கா எச்சத்தை அன்றைக்கே எடுக்கச் சொல்வது இதனால்தான்.

கழுவுவதில் பலரும் செய்யும் தப்பு, காய்ந்த துணியால் துடைப்பது. நிலக்கரிச் சாம்பல் என்பது பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்த பொடிமணிகள். அழுத்தித் தேய்த்தால் உப்புத்தாள் வேலை செய்யும். கண்ணாடிமேல் ஒளி எதிரொளிக்காமலிருக்கப் பூசிய மெல்லிய படலம் கீறிப்போகும், கீறிய இடத்தில் அழுக்கு இன்னும் சுகமாக உட்காரும். முதலில் தண்ணீர் விட்டு ஊறவிடுங்கள். பிறகு மென்மையான ஸ்பாஞ்சோ மைக்ரோஃபைபர் துணியோ கொண்டு மேலிருந்து கீழாக இழுத்து, ரப்பர் வைப்பரால் வழித்துவிடுங்கள். சோப்புத்தூள், பாத்திரம் தேய்க்கும் நார் இரண்டும் கூடாது. உப்பேறிய போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். கடைசி அலசலுக்காவது மெட்ரோ தண்ணீரோ பிடித்துவைத்த மழைநீரோ வேண்டும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுநீர் ஆகவே ஆகாது. பேனல்மேல் கால் வைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் செல்லில் விழும். சுவிட்சை அணைத்தாலும், வெளிச்சம் இருக்கும்வரை பேனலில் மின்னழுத்தம் இருக்கும். கண்ணாடி விரிசல் விட்ட பேனலையோ உரிந்த வயரையோ கண்டால் தண்ணீர் ஊற்றாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

ராமநாதபுரம் கமுதியில், 2016-ல் திறந்த 648 மெகாவாட் சூரியப் பூங்காவில் 25 லட்சம் பேனல்களையும் ரோபோக்கள் துடைக்கின்றன. நாலைந்து பேனல் வைத்த வீட்டுக்கு ஒரு பக்கெட்டும் சரியான நேரமும் போதும். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிக்கலாம். விடியற்காலையில் ராத்திரிப் பனியிலேயே உப்பும் சாம்பலும் இளகிக் கிடக்கும். பாதி வேலையைப் பனியே முடித்திருக்கும். வெயில் ஏறி அது மறுபடி இறுகுவதற்குள் மாடிக்கு ஏறிவிடுங்கள்.